எடை மேடை, இரவு ஷிப்ட்

கப்பலூர் டோல்கேட் தாண்டி இடது பக்கம்
எங்கள் எடை மேடை.
அறுபது டன் தாங்கும்.
பத்து கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது.

பதினொரு வருடமாக இங்கே ரசீது அடிக்கிறேன்.
லாரிக்காரர்களுக்கு நான் ரசீதக்கா.
பழைய ஹால் டிக்கெட்டில் மட்டும் அங்கயற்கண்ணி,
அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும்.

பி.காம். முடித்துவிட்டேன்,
புள்ளியியல் ஒன்றைத் தவிர.
இருபத்தெட்டு, முப்பத்தொன்று, பத்தொன்பது.
நாலாம் முறை எழுதப் போகவில்லை.
அன்றைக்குத் தம்பிக்குப் பெண் பார்க்க எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்,
சிலிண்டர் வாங்கி வைக்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

இப்போது அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பாம்.
வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.
அபராதம், விண்ணப்பம், இன்னும் என்னென்னவோ சேர்த்து
ஏழாயிரத்து நானூறு.
என் சீட்டுப் பணமே மாதம் ஐயாயிரம்தான்.

பகல் ஷிப்ட்டுக்குச் சக்திபாலன் வந்திருக்கிறான், பி.பி.ஏ.
மழை பெய்தால் மேடையில் தண்ணீர் நின்று
சைபர் நகர்ந்துவிடும் என்று
நான்தான் அவனுக்குக் காட்டினேன்.
சம்பளம் என்னைவிட மூவாயிரம் கூட.
'அவன் டிகிரிம்மா' என்றார் முதலாளி.
நல்ல பையன். பேங்க் தேர்வுப் புத்தகத்தின் மேல்
கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான்.

மாதம் மூவாயிரம் என்றால்
மூன்றாம் மாதமே போட்ட பணம் திரும்பிவிடும்,
முதலாளி கொடுத்தால்.
கேட்டேன்.
'முதல்ல வாங்கு, பெறகு பாப்போம்.'
கல்லூரியில் சேரும்போதும் எல்லோரும்
இதையேதான் சொன்னார்கள்.

எம்சாண்ட் அடிக்கிற தவசி, வரலாற்றில் எம்.ஏ.
'பீரோவுல சேலைக்கு அடியில கெடக்குக்கா.
பொண்ணு கேக்கப் போனப்ப ஒருக்கா வெளிய எடுத்தோம்.'
'குடுத்தாங்களா?'
'குடுத்தாய்ங்க. லாரி இருக்குன்னு.'

நேற்று ராத்திரி இரண்டு மணி, வண்டி இல்லை.
மதிப்பெண் பட்டியல்களை மஞ்சள் பையோடு
மேடை நடுவில் வைத்துவிட்டு
வெளியே தொங்கும் சிவப்பு எண்களைப் பார்த்தேன்.
சைபர்.
பையை எடுத்துக்கொண்டு நானே ஏறி நின்றேன். அறுபது.
பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.
அறுபதேதான்.
டீக்கடை நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

தவசியின் வண்டி 5582.
காலி எடை பத்தாயிரத்து நூற்றிருபது.
டீசல் நிரம்பியிருந்தால் இருநூறு ஏறும்.
கிளீனர் லீவு போட்டால் அறுபது இறங்கும்.
மழைநாளில் தார்ப்பாய் அதுபாட்டுக்குத் தண்ணீர் குடித்திருக்கும்.
எவ்வளவு தள்ளி நின்றால் டீசல்,
எவ்வளவு தள்ளி நின்றால் திருட்டு
என்று எந்த வண்டிக்கும் சொல்வேன்.

இதற்குத்தான் திட்ட விலக்கம் என்று பெயராம்.
பழைய புத்தகத்தைத் தூசி தட்டியபோது தெரிந்தது.
முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம்.
பரீட்சையில் 5582 வராது.
எக்ஸ், ஒய் என்றுதான் வரும்.
சூத்திரம் ஞாபகம் இருக்கா என்று சக்திபாலனிடம் கேட்டேன்.
'போன்ல பாருங்கக்கா' என்றான்.

இன்று வியாழன்.
வீணாய்ப்போன ரசீது ஒன்றின் பின்பக்கம்
அவன் வண்டியின் ஐந்து நாள் காலி எடையை எழுதினேன்.
நூற்றிருபது, நூற்றெண்பது, அறுபது,
முந்நூற்றிருபது, மறுபடி நூற்றிருபது,
எல்லாம் பத்தாயிரத்துக்கு மேலே.
கூட்டி, வகுத்து, கழித்து, வர்க்கம் எடுத்து,
மறுபடி கூட்டி, மறுபடி வகுத்து, வர்க்கமூலம்.
எண்பத்தெட்டரை வந்தது.

சரி என்று சொல்ல
இந்த ரோட்டில் யாரும் இல்லை.
ஏழாயிரத்து நானூறு
அதற்குத்தான் கேட்கிறார்களோ என்னவோ.

வெளியே ஹார்ன். ஏறி வா என்று கை காட்டிவிட்டு
முதலிலிருந்து போடுகிறேன்.
எண்பத்தெட்டரை.