வெளிப்பக்கம், கடைசி ஆணி

என் கணக்கு நோட்டில் முதல் பிழை எழுத்துப்பிழை.
‘முன்னிடது குழம்பு, ஆணி ஆறு’
என்று எழுதியிருந்தேன்.
மனோரஞ்சிதம் கால்குலேட்டரைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள்:
"ஆணி போட்டா குழம்பு வைக்கிறீங்க?
லாடம் அடிக்கிறவருக்கு ளகரம் தெரியலைன்னா
யாரு நம்பிக் காலைக் கொடுப்பாங்க?"
அன்றிலிருந்து குளம்பு.

இரண்டாம் பிழைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பத்து பெரிங்கியில் மிஸ் கூவின் கொட்டில்.
மழை விட்ட திங்கட்கிழமை, அன்றைய நான்காவது குதிரை.
பிந்தாங் பெயருக்குத்தான் நட்சத்திரம்,
சுற்றுப்பயணிகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
அலையோரம் நடந்து நடந்து
இரும்பில் துரு, குளம்பில் உப்பு,
அரத்துக்கு நனைந்த அட்டைபோல் வழிவிடும் விளிம்பு.
என் தொடைகளுக்கு நடுவே அதன் கால்.
உதட்டில் கடைசி ஆணி.
சட்டைப்பையில் போன்.

கெட்டிக் கொம்பில் ஏறும் ஆணி
அடிக்கு அடி குரலை உயர்த்தும்.
உயிர்ச்சதைப் பக்கம் சாய்ந்தால்
அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.
கேட்டால் பிடுங்கிவிடலாம்.
போன் அடித்தது. புது வாடிக்கையாளராக இருக்கும்,
மூன்று குதிரையாவது வைத்திருப்பார் என்று
காது அங்கே போய்விட்டது.
பிந்தாங் காலை ஒருமுறை இழுத்தது.
"சும்மா இரு" என்றேன்.

வியாழன் இரவு பதினொரு விநாடி வீடியோ வந்தது.
காலைத் தரையில் வைப்பதும் எடுப்பதுமாக அது.
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி
தஞ்சோங் பூங்கா வளைவுகளில்
வேனுக்குள் சுத்தியல்கள் உருள உருளப் போனேன்.

கொட்டில் வாசலிலேயே குணசீலன் மறித்தான்.
"கல்லு குத்திருச்சுன்னு சொல்லிருங்கண்ணே.
அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"
நல்ல பதில்தான்.
கடற்கரையில் கல்லுக்குப் பஞ்சமா,
எந்தக் கல் வந்து மறுத்துப் பேசப்போகிறது?

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஐந்து ஆணிகள் உலர்ந்து வந்தன.
ஆறாவது ஈரமாக வந்தது.
கறுப்பு. நாற்றம்.

உள்ளங்கையில் வைத்து மிஸ் கூவிடம் நீட்டி
"பாக்கு சாயா" என்றேன்.
தமிழ்க்காதுக்குப் பாக்கும் தேநீரும்.
மலாயில் அது: என் ஆணி.
அவர் ஆணியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

மருத்துவருக்கு முந்நூற்று எண்பது வெள்ளி நான் கட்டினேன்.
ஒன்பது நாள் போய்க் கட்டு மாற்றினேன்.
டோல், பெட்ரோல், அந்த ஒன்பது காலைகளில்
வேறு எங்கே போயிருப்பேன் என்பது வரை
மனோரஞ்சிதம் தனிப் பக்கத்தில் எழுதினாள்.
கூட்டுத்தொகையை மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து மிஸ் கூவிடமிருந்து:
‘செவ்வாய் ஏழு மணி. நான்கு குதிரை.
அன்று நடந்ததற்காகத் தலைக்குப் பத்து வெள்ளி குறையுங்கள்.’

கட்டைவிரலில் கரி. துடைத்துவிட்டுத் தட்டினேன்:
‘தப்புக்குக் கட்டிவிட்டேன்.
வேலைக்கு விலை அதேதான்.’
இரண்டு நீலக் கோடுகள்.
மத்தியானம் முழுக்க அவ்வளவுதான்.
நான்கு குதிரை, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை,
வருஷத்துக்கு எவ்வளவு என்று
மனம் பெருக்கிக்கொண்டே இருந்தது.
பத்து வெள்ளிதானே என்றும் சொல்லிப் பார்த்தது.
இருட்டிய பிறகு பதில்:
‘ஏழு என்றால் ஏழு.’

ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன்.
போன் வேனில், இருக்கைக்கு அடியில்.
அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

நோட்டில் அன்றைய வரி:
‘பிந்தாங். முன்னிடது குளம்பு.
வெளிப்பக்கம் கடைசி ஆணி அடிக்கவில்லை.
கொம்பு வளரட்டும். ஐந்து போதும்.’

நோட்டில் எழுதாதது ஒன்று:
மூன்றாவது ஆணியில் அது காலை இழுத்தது.
சுத்தியலை இறக்கிவைத்துக் காத்திருந்தேன்.
வயிற்றில் ஒரு ஈ.
விரட்டிவிட்டு,
மறுபடி காலை எடுத்து மடியில் வைத்தேன்.