நானூற்றுப் பன்னிரண்டு படகுகள்

காற்றில்லை, மழையில்லை,
துறைமுகத்தில் கூண்டு ஏற்றவில்லை.
கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில்
என் நானூற்றுப் பன்னிரண்டு படகுகளும்
ஒரே இரவில் மூழ்கின.

அணியத்தில் எழுதிய பெயர்களைச் சொல்கிறேன்.
தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம்,
சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி என்று
ஏழு வருஷம் அலைந்து படம் பிடித்த பெயர்கள்.
'பொறுமை'.
'மூன்றாம் பொறுமை'.
'கடன் தீரும்'.
மகள்கள் போட்ட சண்டையில்
பக்கத்துக்கு ஒரு பெயராக எழுதிய தேசப்பன் படகு.

எல்லாம் என் சொந்த இணையதளத்தில் இருந்தன.
தளம் யாரோ ஒருவரின் சர்வரில் இருந்தது.
அந்த யாரோ கடையைச் சாத்திவிட்டுப் போனார்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள்
மூன்று மொழியிலும் பேசத் தெரிந்த பெண்.

மறுபடியும் இடம் தேடினேன்,
ஐஸ் பிளான்ட் கணக்கு மேசையில், இரவு ஷிப்டில்,
பார் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே.

மாதம் ஐம்பத்தொன்பது ரூபாய் என்றது ஒரு கம்பெனி.
கீழே எறும்பு எழுத்தில்,
இரண்டாம் வருஷத்திலிருந்து நானூற்று முப்பது.
அளவில்லாத இடம் தருகிறேன் என்றது இன்னொன்று.
மணல் மேடு தட்டினால்
கடலுக்குப் போகிற வாசலே அடைபடும் ஊர் இது.
உப்பனாற்றைப் பார்த்துக்கொண்டு
அந்தச் சொல்லைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது சதவீத நேரம்
தளம் திறந்தே இருக்குமாம்.
கால்குலேட்டரை இழுத்தேன்.
மிச்சமிருக்கும் அந்தப் புள்ளி ஒன்று
வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி.
தானே புயல் அடித்த இரவும்
ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான்.
அந்த வருஷத்துக் கணக்கை இப்படி எழுதியிருந்தால்
கடலூரும்
தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது சதவீதம்
பத்திரமாகத்தான் இருந்தது.

ஏலக்கார எல்லம்மாள்
முதன்முதலில் ஐஸ் வாங்க வந்த அன்று
இரண்டே கேள்வி கேட்டாள்.
கரண்ட் போனா ஜெனரேட்டர் எத்தனை நிமிஷத்துல எடுக்கும்?
ராத்திரி மூணு மணிக்கு போன யாரு எடுப்பா?
விலையைப் போகும்போதுதான் கேட்டாள்.
பதினோரு வருஷமாக எங்களிடமே வாங்குகிறாள்.

நானும் கேட்டேன்.
மூன்று கம்பெனிக்கும், இரவு இரண்டு பத்துக்கு, ஒரே கேள்வி:
நாளைக்கு உங்களை விட்டுப் போவதென்றால்
என் பொருளை முழுசாக எடுத்துக்கொண்டு போக முடியுமா?

மதிப்புக்குரிய வாடிக்கையாளரே என்று தொடங்கிய ஒரு பதில்
அந்த மதிப்போடு நின்றுபோனது.
இன்னொன்றில் யாரோ எழுதிக்கொண்டிருப்பதாக
மூன்று புள்ளிகள் விடியும்வரை துள்ளின.
மூன்றாவது, நாகர்கோவிலிலிருந்து ஜெபசிங் என்று பெயர் போட்டு,
இரண்டு முப்பத்தொன்றுக்கு வந்தது:

"முடியும். இந்தப் பட்டனை அழுத்தினால்
எல்லாம் ஒரே கோப்பாக இறங்கும்.
மாதம் ஒருமுறை இறக்கி வீட்டிலும் வையுங்கள்.
டொமைன் பெயரை எங்களிடம் வாங்காதீர்கள்,
வேறிடத்தில், உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.
எங்கள் டிஸ்க்கும் ஒருநாள் போகும் சார்."

நூற்றெண்பது ரூபாய். இரண்டாம் வருஷமும் அதே.
வெளியே போகிற கதவை
முதலில் காட்டியவனிடம் குடிபோனேன்.

ஞாயிறு காலை
மறுபடியும் கரையில் நின்றேன்.
சில படகுகள் கைமாறிவிட்டன.
சில உடைபட்டு எடைக்குப் போயிருந்தன.
'கடன் தீரும்' மேல் பச்சைப் பெயிண்ட் பூசி
புது எழுத்துக்குப் பென்சிலால் கோடு மட்டும் இழுத்திருந்தார்கள்.
என்ன பேர் வைக்கப்போறீங்க என்றேன்.
இன்னும் முடிவாகல, என்றான்
ஈரத் துணியோடு நின்ற பையன்.

காலியாகவே பிடித்துக்கொண்டேன்.
முதல் படம்.
இரண்டு பிரதி.