மீதிப் பொட்டலம்

ஆம்பூரிலிருந்து ஷஃபியுல்லா பாய் வந்திருந்தார்.
ஷூ கம்பெனியில் இவரோடு
கட்டிங் மேசையில் பதினோரு வருஷம் நின்றவர்.
அரைக்கிலோ கிஸ்மிஸ் கொடுத்தார்.
"ரத்தம் ஊறும்மா, குடுங்க."
வாங்கி வைத்துக்கொண்டேன்.
வாழைப்பழம், இளநீர், காய்ந்த பழம் எதுவும் ஆகாதென்று
டயட் சீட்டில் சிவப்புக் கோடு போட்டிருப்பதை
சொல்லவில்லை.

பாபுராவ் தெரு லாட்ஜ் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு
டோக்கன் என்று பேர்.
யார் வைத்தார்களோ.
வங்காளத்துக்காரர்கள் மீன்முள் போடுவார்கள்,
சித்தூர்க்காரர்கள் ஊறுகாய்ச் சோறு.
இவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
கிஸ்மிஸை ஒவ்வொன்றாக எறிந்தார்.
காற்றிலேயே பிடித்தது.
இத்தனை மாதத்தில் அன்றுதான்
அந்தக் கைக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.
அதனால் தடுக்கவில்லை.
தவிர,
பழம்தானே.

ராத்திரியே வாந்தி.
படிக்கட்டில் ஊறி உப்பிய திராட்சைகள், முழுசு முழுசாக.
லாட்ஜ் பையன் யாசின் வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளினான்.
மூன்றாம் நாள் அது ஒன்றுக்கே போகவில்லை.
ஆட்டோக்காரர் நாயை ஏற்ற மாட்டேன் என்றார்,
சாக்கில் சுற்றியதும் ஏற்றினார்,
ஐம்பது ரூபாய் கூட.

மாட்டாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா.
"என்ன சாப்பிட்டுது?"
சொன்னேன்.
பேனாவை மூடினார்.
"திராட்சை நாய்க்கு விஷம்மா. காஞ்சது இன்னும் மோசம்.
சிலதுக்கு ஒரு கைப்பிடியே போதும், கிட்னி நின்னுடும்.
அன்னிக்கே தூக்கிட்டு வந்திருந்தா..."
ரத்தம் எடுத்தார். காத்திருந்தோம்.
பிறகு ஒரு எண் சொன்னார்,
கிரியாட்டினின் என்றால் என்னவென்று
எனக்கு விளக்க ஆரம்பித்தார்.
"தெரியும்" என்றேன்.

"எவ்ளோ?" என்று கேட்டார் இவர்.
சொன்னேன்.
"என்னுதைவிடக் கம்மிதான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அதுக்கு மிஷின் இல்லியாமா?"

நாளைக்கு வெள்ளி, எங்கள் முறை.
யாசின் வைத்த கிண்ணத்தில்
விளிம்புவரை தண்ணீர், நாய் தொடவில்லை.
ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளந்து குடிக்கிறவர்
அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொட்டலத்தில் பாதி மிச்சம்.
குப்பையில் போட முடியாது,
தெருவில் இன்னும் ஆறு நாய்.
இரண்டு முடிச்சுப் போட்டு
ஸ்கேன் கவர்களோடு ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

போன் வந்தது.
"சாப்பிட்டாராம்மா?"
"தீந்துடுச்சி பாய்."
சந்தோஷப்பட்டார்.
ஞாயிற்றுக்கிழமை
இன்னும் அரைக்கிலோ கொண்டுவருகிறாராம்.