ஏழாவது செய்தி

ஞாயிறு இரவு பத்தரைக்கு மேல்தான்
கோத்தகிரி வாயை மூடும்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸின் கடைசி இரைச்சல்
வளைவுகளில் தேய்ந்து முடிந்தபின்
ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு
சர்வீஸ் மேசையில் மைக்கை நிறுத்துவேன்.
எதிரொலிக்குத் தடுப்பு:
ஷம்சீரின் இரண்டு ஜெர்கின், ஒரு கோதுமைச் சாக்கு.
"வணக்கம், இது இந்த வாரத் தொழில்நுட்பம்"
எனும்போது வாயிலிருந்து புகை வரும்.
கேட்பவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தானே.

இந்த வாரம் ஏழு.
மூன்றாக மடிகிற போன் வந்துவிட்டது,
மடிப்பில் கோடே தெரியாதாம்.
(நான் தொட்டதில்லை.
தொட்டவன் எழுதியதைப் படித்தவன் சொன்னதை
நான் சொல்கிறேன்.)
காதில் செருகினால் எந்தப் பேச்சையும்
நம் பேச்சாக்கித் தரும் குமிழ் ஒன்று.
பட்டியலை இரண்டுமுறை தேடினேன், படுகு இல்லை.
மோதிரம் தூக்கத்தை எண்ணுகிறது.
மூக்குக்கண்ணாடி எதிரிலிருப்பவரைப் படமெடுக்கிறது,
ஓரத்தில் பொட்டளவு வெளிச்சம், மரியாதைக்கு.
மெமரி விலை ஏறுகிறது.
"பச்சை இலை விலை உன் செய்தியில் வராதா?"
ஷம்சீர் கேட்டான்.
அது வேறு சேனல் என்றேன்.

ஆறு முடியும்போதே ஏழு நிமிடம்.
அதற்குமேல் எவரும் நிற்பதில்லை.
வரைபடத்தில் அந்தக் கோடு
குஞ்சப்பனை இறக்கத்தில் பிரேக் விட்ட லாரி.
ஏழாவது, சின்னது:
ஐந்து வருடத்துக்கு முன் விற்ற மலிவு மாடல் ஒன்றுக்கு
இனி அப்டேட் கிடையாது,
சில ஆப்களும் அதைக் கைவிடும்.
பளபளப்பில்லை. போட ஒரு படம்கூட இல்லை.
வெட்டினேன்.

செவ்வாய் காலை
தவமணி அக்கா. இடுப்பில் படங்கு,
முழங்கால்வரை ஈரம்.
"ஆப்பு தொறக்கல பாப்பா.
மூஞ்சியக் காட்டுனா சுத்துது, சுத்துது,
சுத்திக்கிட்டே கெடக்கு."
முகம் ஏறினால்தான் எஸ்டேட்டில் அன்றைக்குப் பேர்.
பேர் ஏறாவிட்டால் நிறுத்த இலைக்கு யார் கணக்கு?
பின்னால் கமலவேணி. ரீட்டா. யோகம்மா.
மதியத்துக்குள் ஒன்பது பேர்,
ஒன்பதும் அதே மாடல்,
ஒரே தீபாவளிச் சீட்டில் எடுத்தது.
கவரைக் கழற்றினால்
ஒன்றில் வேளாங்கண்ணி மாதா,
ஒன்றில் மடித்த இருபது ரூபாய்,
ஒன்றில் யாரோ ஒரு பையனின் பாஸ்போர்ட் படம்,
அதை ரீட்டா சட்டென்று வாங்கிக்கொண்டாள்.

பழைய ஆப்பை எங்கிருந்தோ பிடித்து ஏற்றினேன்.
எட்டில் ஓடியது.
எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள்,
மழை எத்தனை நாளைக்கு என்று கேட்பதுபோல.
"புதுசு எடுக்கச் சொல்றாரு சூப்பர்வைசரு.
எவ்வளவுல வரும்?"
நாக்கு நுனியில் மூன்றாக மடியும் போனின் விலை
தயாராக இருந்தது.

யோகம்மா போகிறபோக்கில் திரும்பினாள்.
"எங்க சின்னது கேக்கும், ஞாயித்துக்கெழம.
அந்தக் கொரலு நீதானாமே?
இது ஒனக்கு முன்னாடியே தெரியாதா?"

நேத்துதான் தெரிஞ்சுது, என்றேன்.
ஹீட் கன்னை அணைத்தேன். அது ஓடவேயில்லை.

அடுத்த ஞாயிறு
முதல் செய்தியாக அந்த மாடலின் எண்.
நிறுத்தி, இரண்டு தரம்.
வெளியே பேக்கரிச் சுவரோரம் கரடி
எண்ணெய் டின்னை உருட்டியது,
அதுவும் பதிவில் விழுந்தது. வெட்டவில்லை.
கோடு நாற்பதாவது நொடியிலேயே
பள்ளத்தில் பாயும், தெரியும்.

டிராயர் அதிர்ந்தது.
ஓடாத ஒன்பதாவது, தவமணி அக்காவுடையது.
திரையில் தமிழில், பிழையில்லாமல்:
உங்கள் செயலியைப் புதுப்பிக்கவும்.
கீழே ஒரே பொத்தான்,
சரி.

அழுத்தினேன்.
சுற்றுகிறது.