வாசல் எண்ணி

கதவோரத்தில் ஒரு சிவப்புக் கண்.
யார் நுழைந்தாலும் எண்ணும்.
வருடத்துக்கு ஆறாயிரம் காட்டினால்
மாகாணம் கொதிகலனுக்குக் காசு தரும்.
குறைந்தால் வியாழன் மட்டும் திறப்பு.

மார்ச் முப்பத்தொன்று.
சஸ்காட்செவனில் பனி இன்னும் இளகவில்லை.
கணக்கு முடிக்கும் மாலையில்
ஒரிசியா நாதியூக் கூட்டிப் பார்த்தாள்:
பதினேழு குறைகிறது.

காலையிலிருந்து ஒரே நாற்காலியில்
வேலை விண்ணப்பம் நிரப்பும் டுவேன்,
ஒன்பது மணிநேரமும் சேர்த்து ஒன்றுதான்.
எந்தப் புத்தகமும் எடுக்காத
வீட்டில் கணப்பு அணைந்துபோன
லிண்ட்க்விஸ்ட் தம்பதி
கைகோத்தே நுழைவார்கள்,
அதனால் அவர்களும் ஒன்று.

எல்லோரும் போனபின்
தன் நாயை உள்ளே கூப்பிட்டாள்.
வெளியே விரட்டினாள்.
மறுபடி கூப்பிட்டாள்.
பதினாறு தடவை
வாலாட்டிக்கொண்டே வந்தது.
பிறகு பனியில் உட்கார்ந்துவிட்டது,
நீயே வா என்பதுபோல.

கொஞ்சம் யோசித்தாள்.
மேலங்கியை மாட்டினாள்.
வெளியே போய்
யாரோ ஒருத்தி மாதிரி
பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு
உள்ளே வந்தாள்.