அடிக்கு இவ்வளவு

ராய்ப்பூரிலிருந்து கூரியரில் திரும்பி வந்த விண்ணப்பத்தில்
ஏழு இடத்தில் அப்பாவின் கையெழுத்து.
எட்டாவது இடம் விட்டுப்போயிருந்தது.
உறையைப் பிரித்ததும் மேசைமேல் உதிர்ந்தது
சாம்பல் நிறத்தில் கல்மாவு.
ஷைலஜா மேடம் வாயால் ஊதினார்.
"என்னம்மா இது, பவுடரா?"
"ரிக் வண்டியில இருக்காருங்க" என்றேன்.
திருச்செங்கோட்டில் இதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இணைக் கடனாளி: அத்தியப்பன்.
தொழில் என்ற கட்டத்தில் அவர் எழுதிய
டிரில்லர் என்பதை அடித்துவிட்டு
தனியார் வேலை என்று போடச் சொன்னார்கள்.

வருமானச் சான்றுக்குத்தான் வீட்டில் சண்டை.
குறைத்துக் காட்டினால் வட்டியில் கொஞ்சம்
சர்க்கார் சுமக்குமாம், மாமா சொன்னார்.
"ரெண்டே கால் லட்சமா? பாக்கறவன் என்ன நெனப்பான்"
என்று போனில் கத்தினார் அப்பா.
அம்மா சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தாள்.
குறைக்க வேண்டியிருக்கவில்லை.

"மொத்தம் இருபத்தெட்டு லட்சம். சொத்து காட்டணும்.
படிக்கிற வரைக்கும், முடிச்சு ஒரு வருசமும்
நீ ஒண்ணும் கட்ட வேண்டாம்."
அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
மேடமே அடுத்ததையும் சொன்னார்:
"கட்ட வேண்டாம்னா ஓடாதுன்னு அர்த்தமில்ல."

சொத்து
மல்லசமுத்திரம் போகிற வழியில் முக்கால் ஏக்கர்.
பெரியப்பா கையெழுத்துப் போட மூன்று வாரம்,
அவர் மகன் நீட்டில் தேறாத வருடம் அது.
மதிப்பீட்டாளர் பைக்கில் வந்தார்,
சோளத்தட்டை விலக்கி நடந்தார்,
மூடி போட்ட குழாயைப் பார்த்து எழுதிக்கொண்டார்:
ஆழ்துளைக் கிணறு, ஒன்று.
தண்ணீர் உண்டா என்று கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.
ஐந்து மாநிலத்தில் ஊற்றுக் கண்ட அப்பா
சொந்தக் காட்டில் எண்ணூற்று நாற்பதடி போட்டும்
புகையைத்தான் பார்த்தார்.
அம்மா அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள்,
பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரில்.

முதல் தவணை ஐந்து லட்சம்
நேராகக் கல்லூரிக்குப் போனது.
என் கைக்கு வந்தது ஒரு குறுஞ்செய்தி.
பத்துச் சதம் வட்டி என்றால்
நாளொன்றுக்கு நூற்று முப்பத்தேழு ரூபாய்.
உடற்கூறு வகுப்பில் மயங்கி விழுந்த அன்றைக்கும் நூற்று முப்பத்தேழு,
தேருக்கு ஊருக்குப் போன அன்றைக்கும்.
அக்காக்களிடம் வாங்கிய எலும்புப் பெட்டி எட்டாயிரம்,
அது கடனில் வராது.
அம்மாவின் சீட்டுப் பணத்தில் வந்தது.

அப்பாவுக்கு வட்டியை விளக்கத் தேவைப்படவில்லை.
"அடிக்கு இவ்வளவுன்னு பேசறோம்ல,
தண்ணி வந்தாலும் அதே காசு,
வராட்டியும் அதே காசு. அதாங்கண்ணு" என்றார்.
சற்றுப் பொறுத்து,
துர்க் பக்கம் ஒருத்தர்,
ஆயிரத்து நூறடி, பொட்டு ஈரமில்லை,
எருமையை விற்றுக் கொண்டுவந்த நோட்டை
முகம் பார்க்காமல் எண்ணி வாங்கினேன் என்றார்.
பிறகு மெஸ் சாப்பாடு எப்படி என்று கேட்டார்.

இன்றைக்கு ஞாயிறு.
கோயமுத்தூர் விடுதி மொட்டைமாடியில்
யாருடையதோ தொடை எலும்பு என் மடியில்.
தசைகள் ஒட்டும் இடங்களைச் சிவப்பு மையால்
குறித்து வைத்திருக்கிறாள் எனக்கு முன் படித்தவள்.
அப்பாவின் அழைப்பு.

"எத்தனை ஆச்சு அம்மிணி?"
"நூத்தி முப்பத்தேழு."
"லீவு நாளைக்குமா?"
"லீவு நாளைக்குந்தான்.
அங்க எத்தனை அடிப்பா?"
"அறுநூத்தி நாப்பது. பொகைதான் வருது."
"காட்டுக்காரரு நிக்கறாரா?"
"நிக்கறாரு. இன்னொரு ராடு போடச் சொல்றாரு."
"நீ என்ன சொன்னே?"

கம்ப்ரசர் இரைச்சல்.
இந்தியில் யாரோ எதையோ கெஞ்சுகிறார்,
அல்லது திட்டுகிறார்.
பிறகு
இரும்போடு இரும்பு
மரை சேரும் சத்தம்.