நாற்பத்தேழாவது வாரம்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டை
ஐம்பத்திரண்டாக வெட்டி விற்கிறோம்,
நடுவில் சுவர் எதுவும் வைக்காமல்.
ஞாயிறு மதியம் தொடங்கி
அடுத்த ஞாயிறு காலை பத்து மணி வரை ஒருவருக்கு.
பத்தரைக்கு விரிப்பு மாறும்.

வாரங்களுக்கு நிறம் உண்டு.
மே மாதம் சிவப்பு.
உதறுவதற்குள் துணி காய்கிற வெயில்,
ஆனாலும் பள்ளிக்கூடம் லீவு, விலை அதிகம்.
நாற்பத்தேழாவது நீலம்.
மழை பிடித்துக்கொள்ளும்,
வளவில் வாளி வைப்போம். மலிவு.

அதைத்தான் வாங்கியிருந்தார்
ஆவடி கோதண்டபாணி, உறுப்பினர் எண் 2218.
நகைக்கடையில் சீட்டு எழுதிப் போட்டவரை
ஜெயித்துவிட்டீர்கள் என்று கூப்பிட்டார்களாம்.
ஓட்டல் ஹாலில் மூன்று மணி நேரம்.
பக்கத்து மேசையில் யாரோ வாங்கியதற்குக் கைதட்டல்.
கொஞ்சம் கழித்து அதே ஆள்
வேறு மேசையிலும் வாங்கினார்.
இவர் கவனித்தார். கவனித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.
"அந்தப் பையனுக்கு அன்னிக்கு ஒண்ணும் விக்கலை போல இருந்ததும்மா"
என்றார் என்னிடம்.

என் வேலை போன்.
ஜூன் பிறந்தால் பராமரிப்புத் தொகை கேட்க வேண்டும்.
வருஷம் எட்டு சதவீதம் ஏறும்,
தங்கினாலும் தங்காவிட்டாலும்,
ஒன்பதாம் ஷரத்து.
பன்னிரண்டு வருஷமும் கட்டினார், ஒரு வருஷமும் வரவில்லை.
மகளுக்குப் பிரசவம், வெள்ளம், முழங்கால், கொரோனா.
பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்.
நவம்பரில் மட்டும் அவரே கூப்பிடுவார்.
"இப்ப என் வாரம்தானே? மழையா?"
எட்டிப் பார்த்துச் சொல்வேன்.
"என் ரூம்ல யாரு இருக்கா?"
யாருமில்லை சார் என்பேன்.
கம்பெனி அதை
பெங்களூர்க் கூட்டம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருக்கும்.

வீடு கம்பெனியுடையதும் இல்லை.
முப்பத்தொரு புள்ளிக்குப் பொது.
பினாங்கு, கோவை, நியூ ஜெர்சி என்று
கையெழுத்து வாங்க வக்கீலுக்கு நாலு வருஷம் பிடித்தது.
ஒருவர் மட்டும் போடவில்லை.
இரண்டாம் கட்டில் அவர் அறைக்குப் பித்தளைப் பூட்டு.
எங்கள் வரைபடத்தில் ஆறுக்கு அப்புறம் எட்டு.
பேயா என்று கேட்பார்கள் விருந்தாளிகள்.
இல்லை, பங்கு என்பேன்.
ஐம்பத்திரண்டு வாரமும் ஒரே ஆளுக்குச் சொந்தமான அறை
இங்கே அது ஒன்றுதான்.
அதிலும் யாரும் தங்குவதில்லை.

எனக்குக் காரைக்குடியில் மாடிப் போர்ஷன்,
பதினொரு மாத அக்ரிமென்ட்.
ஊழியர் சலுகையில் ஒரு நீல வாரம் எடுத்துக்கோ என்றார் மேனேஜர்.
தினமும்தான் வர்றேனே சார் என்றேன்.

போன நவம்பரில் மகன் வந்தான், குடையில்லாமல்.
அப்பா மார்ச்சில் போய்விட்டார்,
திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.
எடுக்க மாட்டோம். வாரிசுக்குப் போகும்,
இன்னும் பதின்மூன்று வருஷம்.
அப்படியானால் விற்றுக் கொடுங்கள்.
விற்பதற்கு வரிசை இருக்கிறது,
அவனுக்கு முன்னால் அறுநூற்று நாற்பது பேர்.

கத்தவில்லை.
கத்துகிறவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு,
பயிற்சியில் கொடுத்தது.
சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான்.
"இது எத்தனையாவது வாரம்?"
நாற்பத்தேழு.
"அப்ப சாவி குடுங்க."

பதிவேட்டில் அப்பா பெயரையே எழுதினான்.
அடையாள அட்டை கேட்டிருக்க வேண்டும்.
2218க்கு நேரே கணினியில்
வரவில்லை என்று பன்னிரண்டு கட்டம்.
அடுத்ததில்
வந்தார் என்று அழுத்தினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் பாக்கி என்று
உடனே சிவப்பில் காட்டியது.

ராத்திரி பதினோரு மணிக்கு அறையிலிருந்து போன்.
ஒழுகுகிறது என்றான்.
எங்கே என்று கேட்டேன்.
"கட்டில் மேல இல்ல. நாற்காலி பக்கத்துல.
வேற ரூம் வேண்டாம்,
ஒரு வாளி மட்டும் அனுப்புங்க."